வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் இடையில்

காதல் கதைகளில் பெரும்பாலானவை கெட்டிமேளத்தோடு முடிந்துவிட, அந்த மேளச்சத்தம் அடங்கிய பிறகு, சேர்ந்தவர்கள் பிரிந்து நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஆளுக்கொரு பெஞ்சில் உட்காரும் இடத்தில் தொடங்குகிற கதைகளும் உண்டு. நாடகத்திலும் திரைப்படத்திலும் தனியொரு வகையாக வளர்ந்துவிட்ட இவற்றை மணமுறிவு நகைச்சுவை என்று அழைக்கலாம். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவையும் வெல்லத்தையும் ஒரே பச்சடியில் போட்டு உண்ணும் வழக்கமுடைய வாசகருக்கு, அழவேண்டிய விஷயத்தில் சிரிப்பு எப்படிக் கலக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பது விளக்கத்துக்கு உரியது. கணவன் மனைவியரின் குணக்கோளாறுகளிலிருந்து அது பிறப்பதாக மேலோட்டமாகத் தோன்றினாலும், இவ்வகையின் சிறந்த படைப்புகளைக் கூர்ந்து பார்த்தால், சட்டம் விதிக்கிற காத்திருப்பே அவற்றின் ஊற்று என்பது தெரியவரும். நீதிமன்றப் பேச்சில் 'வாய்தா' எனப்படும் தவணை, அதாவது ஒரு விசாரணை நாளுக்கும் அடுத்த விசாரணை நாளுக்கும் இடையே தள்ளிவைக்கப்படும் காலம், வழக்காடுவோருக்கு எரிச்சலூட்டுவது. கதை எழுதுவோருக்கோ அதைவிட வசதியான இடம் வேறில்லை. இந்தக் கதைவகைக்கும் புதுச்சேரி நகரத்துக்கும் இடையே, இதுவரை எந்தத் திரைக்கதையாளரும் கண்டுகொள்ளாத ஓர் உறவு இருக்கிறது.

அந்த உறவின் ஒரு முனை பாரிசில் இருக்கிறது. 1880 டிசம்பரில் அந்நகரின் பாலே ருவாயால் அரங்கில், விக்தோரியன் சார்தும் எமில் த நஜாக்கும் சேர்ந்து எழுதிய 'திவோர்சோன்' என்ற நாடகம் மேடையேறியது. 'மணவிலக்குச் செய்துகொள்வோம் வா' என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். கணவன் தே ப்ரூனெல் சலிப்பூட்டுகிறான் என்று மனைவி சிப்ரியேன் நினைக்கிறாள். உறவுக்காரனான அதேமாரின் கள்ளத்தனமான காதல் அவளுக்கு இனிக்கிறது. மணவிலக்குச் சட்டம் நிறைவேறிவிட்டதாக ஒரு பொய்ச் செய்தி வர, கணவன் சண்டையிடாமல் மனைவிக்கு விடுதலை தந்து, அதேமாரை வருங்கால மாப்பிள்ளையாகவே வீட்டுக்குள் அழைத்துவிடுகிறான். மாப்பிள்ளை என்று ஆனவுடன் அதேமார் சலிப்பூட்டத் தொடங்க, விலக்கப்பட்ட கணவனோ திடீரெனக் காதலனைப்போல் கவர்ச்சியாகிவிட, சிப்ரியேன் தன் கணவனோடேயே திருட்டுத்தனமாக உணவு விடுதிக்குப் போகிறாள். ஏர்ன்ஸ்ட் லூபிட்ச் இந்நாடகத்தை 1925-இலும் 1941-இலும் இருமுறை ஹாலிவுட் திரைப்படமாக்கினார் என்பதிலிருந்து, பின்னால் வந்த நகைச்சுவைகளுக்கு இது எத்தகைய விதைநெல்லாக இருந்தது என்பது விளங்கும்.

மேடையில் வந்த பொய்ச் செய்தியை அன்றைய பார்வையாளர்கள் ரசித்ததற்குக் காரணம், அது அரங்குக்கு வெளியே நடந்துகொண்டிருந்த விவாதமாக இருந்ததுதான். பிரெஞ்சுப் புரட்சி 1792-இல் மணவிலக்கை அனுமதித்தது. 1804-இல் தொகுக்கப்பட்ட நெப்போலியனின் உரிமையியல் சட்டத்தொகுப்பு அதைச் சில கட்டுப்பாடுகளோடு வைத்துக்கொண்டது. மன்னராட்சி திரும்பிய பிறகு, 1816-இல், அது முழுவதும் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிரெஞ்சுத் தம்பதியருக்குக் கிடைத்தது 'உடற்பிரிவு' மட்டுமே. அதாவது நீதிமன்ற ஆணையோடு தனித்தனியே வாழலாம், ஆனால் கட்டு அறுவதில்லை, மறுமணம் இல்லை. அல்பிரெத் நக்கே என்ற அரசியலாளரின் விடாமுயற்சியால் 1884 ஜூலையில்தான் மணவிலக்கு மீண்டும் சட்டமாயிற்று. அப்போதும் அது குற்றத்தை அடிப்படையாகக் கொண்டதே: பிறர்மனை நாடல், கொடுமை, கடுந்தண்டனை பெற்றிருத்தல் என ஏதேனும் ஒன்றை மெய்ப்பித்தாக வேண்டும். இருவரும் மனமொத்துப் பிரியும் உரிமை மறுபடியும் வர 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் காத்திருப்புக்கு நடுவில்தான் புதுச்சேரி வந்து சேர்கிறது. பிரெஞ்சு இந்தியாவில் 1819-இலிருந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பு நடைமுறையில் இருந்தபோதும், இந்தியர்களின் திருமணமும் சொத்துரிமையும் அவரவர் சாதி, சமய வழக்கப்படியே தீர்க்கப்படும் என்று அரசு வாக்களித்திருந்தது. பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் வழக்கறிஞர் 1873-இல் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை சென்று வென்றார். அவரும் அவரைச் சார்ந்தோரும் தொடர்ந்து கேட்டதன் விளைவாக 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. இருபத்தொரு வயது நிறைந்த எவரும், எச்சாதி எச்சமயத்தவராயினும், தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் நுழையலாம் என்றது அது. அவ்வாறு துறந்தோரே 'ரெனோன்சான்' எனப்பட்டனர். துறந்தவர் என்பதே அச்சொல்லின் பொருள். பொன்னுத்தம்பி தம் குடும்பப் பெயராக 'லா போர்த்' என்பதைச் சூடிக்கொண்டார். வாயில், கதவு என்று அதற்குப் பொருள்.

இந்த ஆணையில் இரண்டு வேடிக்கைகள் பொதிந்திருக்கின்றன. சட்டத்தைத் துறப்பவர் மனம் மாறித் திரும்ப இயலாது; துறவு இறுதியானது, மீளாதது, மனைவியையும் சிறு பிள்ளைகளையும் சேர்த்தே கட்டுவது. தன் வழக்கத்தை மணவிலக்குச் செய்தவனுக்கு அந்த வழக்கத்தோடு மறுமணம் இல்லை. இரண்டாவது வேடிக்கை இதைவிடக் கூரியது. 1881-இல் பிரான்சிலேயே மணவிலக்கு இல்லை. தமிழகத்தின் பல சமூகங்களிலோ பஞ்சாயத்தின் முன் 'தீர்த்துவிடுவதும்', துரும்பு கிள்ளிப் போட்டு உறவை முடிப்பதும், 'அறுத்துக்கட்டுவதும்', அதாவது முதல் தாலி போனபின் மறுபடி மணப்பதும், வழக்கமாகவே இருந்தன. எனவே, அத்தகைய வழக்கமுடைய ஒரு குடும்பம் நவீனத்தை நாடி 1882-இல் பதிவேட்டில் கையெழுத்திட்டிருந்தால், தன் பாட்டனுக்கு இருந்த ஒரு விடுதலையை இழந்திருக்கும். நக்கேயின் சட்டம் வரும்வரை அக்குடும்பத்தின் முறிந்த மணங்களுக்கு உடற்பிரிவைத் தவிர வேறு வழி இருந்திராது. சார்து இதை அறிந்திருந்தால் நான்காம் அங்கம் ஒன்றை எழுதியிருக்கக்கூடும்.

கதை அங்கே நிற்கவில்லை. 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள் சட்டப்படியான இணைப்பும் நிறைவுற்ற பிறகு, 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால் ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று அச்சட்டத்திலேயே ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் பயனாக இந்தியக் குடியுரிமை பெற்ற ரெனோன்சான்களின் திருமணத்தை, பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற நிலையில் உறைந்துபோன பழைய உரிமையியல் சட்டமே ஆளுகிறது. கைமாற்ற ஒப்பந்தம் தந்த வாய்ப்பைப் பயன்படுத்திப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் வழிவந்தோரோ பாரிசின் இன்றைய சட்டத்தைச் சார்ந்தவர்கள். ஊர் வழக்கில் 'சொல்தா' எனப்படும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்களில் பல இவர்களைச் சேர்ந்தவை. 2017 முதல் பிரான்சில் மனமொத்த தம்பதியர் பெரும்பாலும் நீதிபதியைப் பார்க்காமலேயே, ஆளுக்கொரு வழக்கறிஞர் எழுதும் ஒப்பந்தத்தின் மூலம் பிரிய முடிகிறது. ஆக, பெரிய வாய்க்காலுக்கு இருபுறமும் ஒரே மொழி பேசி, ஒரே மார்க்கெட்டில் மீன் வாங்கி வாழும் மூன்று தம்பதியர், ஒரே நாளில் சண்டையிட்டு ஒரே நாளில் பிரிய நினைத்தாலும், மூன்று வெவ்வேறு காலங்களில் விடுதலை பெறுவார்கள்.

தமிழ் மரபு மணவாழ்வின் சண்டைக்கு இலக்கணமே வகுத்த மரபு என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். வயலும் வயல்சார்ந்த நிலமுமான மருதத்துக்கு உரிப்பொருளாக, அதாவது அந்நிலப் பாடல்களின் மைய உணர்வாக, அகத்திணை மரபு வைத்தது ஊடலைத்தான். பரத்தையிடம் சென்று திரும்பும் தலைவனுக்காகப் பாணனும் தோழியும் பிறரும் தலைவியிடம் தூது பேசுவர். அவர்களுக்கு 'வாயில்கள்' என்று பெயர். புலவி, ஊடல், துனி என்று கோபத்தின் அளவுகளையும் பிரித்துவைத்தனர்: புலவி இளங்கோபம், துனி முற்றிய கோபம். திருக்குறள் தன் கடைசி மூன்று அதிகாரங்களையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறது. அவற்றுள் புலவி நுணுக்கம், தும்மினாலும் குற்றம், தும்மலை அடக்கினாலும் குற்றம் என்று கணவனை மடக்கும் மனைவியைக் காட்டும் தேர்ந்த நகைச்சுவை. ஆயினும் இவ்விலக்கணம் முழுவதும் திரும்பிவருவதையே முன்னிட்டது. ஊடல் கூடலில் முடியவேண்டும். முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்குப் புறநானூற்றில் ஒரு சான்று கிடைக்கிறது. மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல் பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு வாழ்ந்தபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள் அவனிடம் பரிசில் வேண்டாமல், மனைவியிடம் திரும்பிப் போ என்று பாடினார்கள். குடும்பநல நீதிமன்ற ஆலோசகர்களின் முன்னோர் என்று அவர்களைச் சொல்லலாம். கண்ணகி திரும்பப்பெறாத வாழ்வை எப்படித் தேற்றிக்கொண்டாள் என்று பாட ஒருவரும் இல்லை. பிற்காலத் தமிழும் அத்தகைய பெண்ணுக்கு 'வாழாவெட்டி' என்றொரு கொடிய சொல்லைக் கண்டுபிடித்ததோடு சரி. அதற்கு ஆண்பாற்சொல்லைத் தேடிய அகராதிக்காரர் எவரும் இல்லை.

தமிழ்த் திரைப்படம் இந்த இரு மரபுகளையும், ஊடலையும் வாய்தாவையும், ஒரே இடத்தில் பிணைத்தது 1986-இல் வெளியான மணிரத்னத்தின் 'மௌன ராக'த்தில்தான். காதலனை இழந்து, விருப்பமின்றி மணந்து, தில்லிக்குக் குடிவந்த திவ்யாவிடம் (ரேவதி), என்ன பரிசு வேண்டும் என்று கணவன் சந்திரகுமார் (மோகன்) கேட்க, அவள் விவாகரத்துக் கேட்கிறாள். வழக்கறிஞரோ திருமணமாகி ஓராண்டு ஆகவேண்டும் என்கிறார். இது கதைக்காகக் கற்பித்த தடை அன்று. மணமான ஓராண்டுக்குள், மிகையான இன்னல் இருந்தாலொழிய, மணவிலக்கு மனுவை ஏற்கக்கூடாது என்பது இந்து திருமணச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு. அந்த ஓராண்டை ஒரே வீட்டில் கழிக்கவேண்டிய இருவரின் மௌனத்திலும் குத்தலிலும் சிரிப்பிலும் படம் நகர்கிறது. சார்துவின் நாடகத்தை மணிரத்னம் அறிந்திருந்தாரா என்பது பொருட்டில்லை. விடுதலையைத் தாராளமாகத் தந்துவிடும் கணவனே மீண்டும் விரும்பத்தக்கவனாகிறான் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றே.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவல் 1981-இல் வெளியிட்ட நூலில் 1930, 40-களின் ஏழு ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து, அவற்றுக்கு 'மறுமண நகைச்சுவை' என்று பெயரிட்டார். பழைய நகைச்சுவையில் இளங்காதலர் தடைகளைத் தாண்டிச் சேர்வர். இவ்வகையிலோ ஏற்கெனவே சேர்ந்து பிரிந்தவர்கள் மறுபடி சேர்வார்கள், அந்த இரண்டாம் சேர்க்கையே உண்மையான திருமணம் என்பது அவர் கருத்தின் சாரம். அவற்றில் ஒன்றான 1937-ஆம் ஆண்டின் 'தி ஆஃபுல் ட்ரூத்' படத்தில் தீர்ப்பு இறுதியாகத் தொண்ணூறு நாள் ஆகவேண்டும். கடைசி நாளின் நள்ளிரவு மணியை நோக்கிக் கடிகாரம் நகர நகர, காரி கிராண்டும் ஐரீன் டன்னும் ஒருவர் அறைக்கதவை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பர். அங்கே தொண்ணூறு நாள், இங்கே ஓராண்டு. நம் சட்டம் 1976-இல் மனமொத்த மணவிலக்கை ஏற்றபோது முதல் மனுவுக்கும் இரண்டாம் மனுவுக்கும் இடையே ஆறு மாதம் வைத்தது; அதைத் தேவையானபோது தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதும் திரைக்கதையாளருக்குக் கிடைத்திருந்த இடைவெளி சற்றுக் குறுகிவிட்டது. சட்டம் தரமறுத்த அவகாசத்தை வேறெங்கேனும் வாங்கவேண்டும் அல்லவா? அஷ்வத் மாரிமுத்துவின் 'ஓ மை கடவுளே' (2020) அதை நேரே கடவுளிடமே வாங்கிவிட்டது. மணவிலக்குக் கேட்டு நீதிமன்றம்வரை வந்துவிட்ட நாயகனுக்கு, விஜய் சேதுபதி வடிவில் வரும் கடவுள், வாழ்க்கையைத் திருத்தி வாழ்ந்துபார்க்க ஒரு சீட்டுத் தருகிறார். மூன்றாண்டுக்குப் பின் வந்த யுவராஜ் தயாளனின் 'இறுகப்பற்று' மண ஆலோசகர் ஒருவரை நடுவில் வைத்து, பழைய அகப்பாடல்களின் வாயில்களுக்குச் சம்பளமும் அலுவலக அறையும் கொடுத்தது.

ஆனால் இவை அனைத்தும் திரும்பிச் சேர்வதைப் பற்றியவை. முறிவிலிருந்து தேறுவது வேறு விஷயம். 'தேறுதல்' என்ற சொல் தமிழில் ஆறுதலையும் நோயிலிருந்து மீள்வதையும் பரீட்சையில் வெல்வதையும் ஒருசேரக் குறிப்பது; இம்மூன்று பொருளிலும் தேறுகிற ஒரு பெண்ணைத் தமிழ்த்திரை ஒருமுறைதான் முழுமையாகக் காட்டியது என்று தோன்றுகிறது. கே. பாலசந்தரின் 'அவர்கள்' (1977) படத்தில் அனு (சுஜாதா), துன்புறுத்தி மகிழும் கணவன் ராமநாதனிடமிருந்து (ரஜினிகாந்த்) மணவிலக்குப் பெற்று, கைக்குழந்தையோடு வேலைக்குப் போய் வாழத் தொடங்குகிறாள். பழைய காதலன் பரணி மறுபடி எதிர்ப்படுகிறான். திருந்திவிட்டதாக நடித்துக்கொண்டு ராமநாதனும் வருகிறான். இவர்களுக்கு நடுவே, அவளை மனத்துக்குள் விரும்பிக்கொண்டு சொல்லத் துணியாமல் ஜனார்த்தனன் (கமல்ஹாசன்) நிற்கிறான். அவன் உதடசையாமல் பேசிப் பொம்மையே பேசுவதுபோல் காட்டும் கலையறிந்தவன். தன்னால் சொல்லமுடியாததையெல்லாம் 'ஜூனியர்' என்ற அந்தப் பொம்மையின் வாயில் வைத்துவிடுகிறான். சிரிப்பெல்லாம் பொம்மைக்கு, வலியெல்லாம் அதைப் பிடித்திருக்கும் கைக்கு என்ற இந்த ஏற்பாட்டைவிட, இனிப்பும் கசப்பும் கலந்த நகைச்சுவை எப்படி இயங்குகிறது என்பதை விளக்கும் உருவகம் கிடைப்பது அரிது.

அப்படத்தின் இன்னொரு நுட்பம், குழந்தையைக் கவனித்துக்கொள்ள வீட்டுக்குள் வந்து சேரும் பெண், கணவனைப் பெற்ற தாயாகவே இருப்பது. மணவிலக்கு கணவனிடமிருந்து பெறப்பட்டது, மாமியாரிடமிருந்து அல்ல என்பது ஒரு பெரிய உறவுமுறைச் சிரிப்பு. அதேவேளை, மணமுறிவு இருவரை மட்டும் பிரிப்பதில்லை என்பதைச் சட்டப் புத்தகங்களைவிடத் தெளிவாக அது சொல்லிவிடுகிறது. முடிவில் அனு மூன்று ஆண்களில் எவரையும் ஏற்காமல் ரயிலேறுகிறாள். உடன் வருபவள் அந்த மாமியார்தான். மறு ஆண்டு அமெரிக்காவில் வெளியாகிப் புதுமையென்று கொண்டாடப்பட்ட பால் மசூர்ஸ்கியின் 'ஆன் அன்மேரீட் உமன்' படத்திலும், கைவிடப்பட்ட மனைவி புதிய காதலனோடு புறப்பட்டுவிடாமல் தன் வாழ்வைத் தானே தொடர்கிறாள். அத்துணிவில் தமிழ்ப்படம் ஓராண்டு முந்தியது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 'மௌன ராக'மும் ரயில் நிலையத்துக்கே வந்து முடிந்தபோது, அங்கே மனைவி கணவனோடு சேர்ந்தாள். பொதுமக்களின் மனத்தில் நின்றதும் பின்னால் வந்தோர் பின்பற்றியதும் அந்த இரண்டாம் ரயிலைத்தான்.

புதுச்சேரியைத் தமிழ்த்திரை அறியாமல் இல்லை. 2015-இல் விக்னேஷ் சிவனின் 'நானும் ரௌடிதான்' அந்நகரத்தையே களமாகக்கொண்ட காதல் நகைச்சுவையாக வந்து பெருவெற்றி பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பாடல்காட்சிகளில் ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும் கடற்கரைச் சாலையும் காதலர்களுக்குப் பின்னால் நின்றிருக்கின்றன. சுவருக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தை மட்டும் எவரும் படம்பிடிக்கவில்லை. உறைந்துபோன பழைய சட்டத்தின்கீழ், பிரிய விரும்பும் இருவரில் ஒருவர் குற்றவாளியாக வேண்டும். மனமொத்துப் பிரிய நினைக்கும் நல்ல கணவனும் நல்ல மனைவியும் யார் குற்றத்தை ஏற்பது என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் போட்டியிடுவதாக ஒரு காட்சியைக் கற்பனை செய்தால், அது புலவி நுணுக்கத்துக்கும் சார்துவுக்கும் நடுவில் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும். நீதிபதி முதலில் சமரசத்துக்கு முயலவேண்டும் என்பதும், மணவிலக்குப் பெற்ற பெண் மறுமணத்துக்கு முன்னூறு நாள் பொறுக்கவேண்டும் என்பதும் அப்பழைய சட்டத்தொகுப்பின் விதிகளே. ஒரு முழுநீளப் படத்துக்கு வேண்டிய வாய்தாக்கள் இவற்றிலேயே அடங்கியிருக்கின்றன.

இத்தகைய படமொன்றுக்கு இறுதிக்காட்சி அமைக்கவும் ஓர் இடம் அந்நகரில் உண்டு. கடற்கரைச் சாலையில் 1870-களின் தொடக்கத்தில் எழுந்த நகர்மன்றக் கட்டடத்தை ஊரார் 'மேரி' என்றே அழைப்பர். நகர்மன்றம் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அது. பிரெஞ்சு முறையில் திருமணம் என்பது முதலில் நகர்மன்றத்தின் குடிமைப் பதிவேட்டில் எழுதப்படும் ஒரு பதிவு. அப்பதிவேட்டுக்கு 'எத்தா சிவில்' என்று பெயர். பராமரிப்பின்றி நின்ற மேரி கட்டடம் 2014 நவம்பர் மாத மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே மறுபடி கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்ட அதை, இன்று கடற்கரைக்கு வரும் புதுமணத் தம்பதியர் பின்னணியாக வைத்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள். எத்தா சிவில் எழுதும் முறையிலோ எதையும் இடித்துக் கட்டுவதில்லை. திருமணம் முறிந்தால் அந்தத் திருமணப் பதிவை அடிக்கமாட்டார்கள். அதன் ஓரத்தில், விட்டுவைத்திருக்கும் வெற்றிடத்தில், மணவிலக்குத் தீர்ப்பின் நாளைக் குறித்துவைப்பார்கள். 1897-இல் பிரான்சில் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு ஒருவரின் திருமணம் அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்திலும் குறிக்கப்படுகிறது. மறுமணம் நடந்தால் அதுவும் அதே ஓரத்தில், முதல் குறிப்புக்குக் கீழே, மற்றொரு எழுத்தரின் கையெழுத்தில் இடம்பெறும்.